சொந்தநிதி மருத்துவத் திட்டம்: ஒப்பந்தத்தின் எந்த வரியில் ஆபத்து இருக்கிறது?

வைகைக்கரை

அனைவருக்கும் வணக்கம். ஒஹாயோவில் இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தில் நிதிப் பொறுப்பில் இருக்கிறேன். மொத்தம் 180 ஊழியர்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன், காப்பீட்டு நிறுவனத்துக்குப் பிரீமியம் கட்டுவதை நிறுத்திவிட்டு, ஊழியர்களின் மருத்துவச் செலவை நாங்களே ஏற்கும் சொந்தநிதித் திட்டத்துக்கு மாறினோம். பில்களைப் பரிசீலித்துப் பணம் பட்டுவாடா செய்ய ஒரு டிபிஏ (வெளி நிர்வாகி நிறுவனம்) இருக்கிறது. ஒருவருடைய செலவு ஆண்டில் 75,000 டாலரைத் தாண்டினால், தாண்டிய தொகையை எங்களுக்குத் திருப்பித் தர ஸ்டாப்லாஸ் காப்பீடு எடுத்திருக்கிறோம்.

இந்த ஆண்டு பிப்ரவரியில் எங்கள் ஊழியர் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. இருபது ஆண்டுகளாக எங்களோடு இருப்பவர். குடும்ப மருத்துவ விடுப்புச் சட்டம் தரும் 12 வாரங்களும் மே நடுவில் தீர்ந்தன. "அவர் பெயரை எடுக்காதீர்கள், பழையபடியே காப்பீடு ஓடட்டும்" என்றார் முதலாளி. நானும் மனநிறைவோடு அப்படியே செய்தேன். அக்டோபர் நடுவில் அவர் வேலைக்குத் திரும்பினார். அதுவரை 4,12,000 டாலர் செலவாகியிருந்தது.

போன வாரம் ஸ்டாப்லாஸ் நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. மே நடுவரை ஆன 1,60,000 டாலரில் எங்கள் வரம்பைக் கழித்து 85,000 தருகிறார்களாம். அதற்குப் பிந்தைய 2,52,000 டாலரில் ஒரு காசும் கிடையாது. "அந்தத் தேதியில் அவர் திட்டத்தின் தகுதியுள்ள உறுப்பினர் அல்ல" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். ஆக, எங்கள் தலையில் 3,27,000 டாலர். இதை எதிர்த்து முறையிட வழி இருக்கிறதா? ஜனவரி 1 அன்று புதுப்பிப்பு. எதைத் திருத்தச் சொல்ல வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். இரண்டு இரவுகளாகத் தூக்கம் இல்லை.

ஓலைச்சுவடி

பதினொரு ஆண்டுகள் ஸ்டாப்லாஸ் நிறுவனம் ஒன்றில் இடர் மதிப்பீட்டுப் பிரிவில் இருந்தேன். இதே கடிதத்தை நானே எழுதியிருக்கிறேன். அதனால் அவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று சொல்கிறேன்.

நாம் கையில் ஒரு காப்பீடு இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் இருப்பவை தனித்தனியான மூன்று காகிதங்கள். முதலாவது திட்ட ஆவணம். யார் உறுப்பினர், எந்தச் சிகிச்சைக்குப் பணம் என்று நிறுவனம் தன் ஊழியருக்குத் தரும் வாக்கு அது. ஊழியர் நலத் திட்டங்களுக்கான 1974ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டமான எரிசா அதைத்தான் ஆளுகிறது. இரண்டாவது, டிபிஏவோடு நீங்கள் செய்துகொண்ட சேவை ஒப்பந்தம். மூன்றாவது ஸ்டாப்லாஸ் பாலிசி. இந்தக் கடைசிக் காகிதத்தில் உங்கள் ஊழியருக்கு இடமே இல்லை. அது உங்கள் நிறுவனத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் இடையே உள்ள வியாபார ஒப்பந்தம். திட்ட ஆவணத்தின்படி நீங்கள் கொடுத்தே ஆக வேண்டியதைக் கொடுத்திருந்தால்தான் அது திருப்பித் தரும். நீங்கள் மனம் இரங்கிக் கொடுத்ததற்கு அதில் இடம் கிடையாது.

உங்கள் திட்ட ஆவணத்தில் "வாரம் 30 மணி நேரம் வேலை செய்பவர், அல்லது சட்டப்படியான விடுப்பில் இருப்பவர்" என்று மட்டும் இருந்தால், மே நடுவோடு அவருடைய தகுதி முடிந்தது. அதையடுத்து கோப்ரா அறிவிப்பு, அதாவது தகுதி இழந்தவர் பிரீமியம் கட்டி அதே காப்பீட்டைத் தொடரலாம் என்ற சட்ட உரிமையைச் சொல்லும் அறிவிப்பு, போயிருக்க வேண்டும். நிறுவனமே திட்ட நிர்வாகியாகவும் இருந்தால் அதற்கு 44 நாட்கள். பெற்றவர் முடிவெடுக்க 60 நாட்கள். அவர் கோப்ராவைத் தேர்ந்திருந்தால் பிரீமியத்தை நிறுவனமே கட்டியிருக்கலாம். யாரும் தடுத்திருக்க மாட்டார்கள், ஸ்டாப்லாஸும் தொடர்ந்திருக்கும். உங்கள் முதலாளியின் நல்ல மனமும் பணமும் இரண்டும் காப்பாற்றப்பட்டிருக்கும். இதைச் சொல்ல வருத்தமாக இருக்கிறது, ஆனால் அடுத்த முறைக்காகச் சொல்லத்தான் வேண்டும். இப்போது, மே நடுவிலிருந்தே செல்லும்படி கோப்ரா கொடுக்கலாமா என்று கேட்பீர்கள். நிறுவனத்தின் தவறால் தாமதமான கோப்ராவை ஏற்கமாட்டோம் என்று பல பாலிசிகளில் தனி வரியே இருக்கும். அதைத் தேடிப் பாருங்கள்.

எதிர்க்கும் முன் இவற்றைக் கையில் எடுங்கள்: திட்ட ஆவணத்தின் முழுப் பிரதி, அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு திருத்தம், ஊழியர் கையேட்டின் விடுப்புப் பகுதி. சுருக்கக் கையேடு போதாது. "நிறுவனம் அனுமதித்த விடுப்பு" என்ற சொற்கள் எங்காவது இருக்கின்றனவா என்று பாருங்கள்.

வேப்பமரம்

வைகைக்கரை அம்மா, உங்கள் நிலைக்கு வருந்துகிறேன். ஆனால் 180 பேர் உள்ள நிறுவனம் ஏன் இந்த வேலையில் இறங்க வேண்டும்? காப்பீட்டு நிறுவனத்திடம் பிரீமியம் கட்டியிருந்தால் இந்த 3,27,000 அவர்கள் கவலை. ஒரு புற்றுநோய், ஒரு குறைப்பிரசவக் குழந்தை, அவ்வளவுதான், ஆண்டு லாபம் போய்விடும். தரகர்கள் சேமிப்பை மட்டும் படம் போட்டுக் காட்டுகிறார்கள். ஆபத்து எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது என்று காட்டுவதில்லை. பழைய வழிக்கே திரும்பிப் போங்கள் என்பதுதான் என் கருத்து.

தாழ்வாரம்

வேப்பமரம் ஐயா சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதிக்கு என் பதில். அமெரிக்காவில் நிறுவனத்தின் மூலம் மருத்துவக் காப்பீடு பெறும் ஊழியர்களில் பெரும்பான்மையோர் சொந்தநிதித் திட்டங்களில்தான் இருக்கிறார்கள். காரணம் பேராசை மட்டும் அல்ல. எரிசா சட்டப்படி இத்தகைய திட்டத்தைக் காப்பீட்டு நிறுவனமாகக் கருதக் கூடாது. மாநிலக் காப்பீட்டுச் சட்டங்கள் அதைத் தொடாது. எஃப்எம்சி எதிர் ஹாலிடே வழக்கில் 1990இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. ஐந்து மாநிலங்களில் ஆலை வைத்திருப்பவர் ஒரே திட்டத்தை எல்லோருக்கும் தரலாம். மருத்துவச் செலவு பற்றிய தரவும் கையில் இருக்கும். எங்கள் நிறுவனம் எம்ஆர்ஐ எடுக்க ஊழியர்கள் எங்கே போகிறார்கள் என்று பார்த்ததே சொந்தநிதிக்கு மாறிய பிறகுதான்.

ஆனால் மாநிலச் சட்டம் தொடாது என்பதற்கு இன்னொரு முகமும் உண்டு. மாநிலக் காப்பீட்டு ஆணையர் உங்களுக்காக உங்கள் திட்ட ஆவணத்தைப் படித்துத் திருத்தித் தரமாட்டார். அதில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் நீங்களே பொறுப்பு. யுஎஸ் ஏர்வேஸ் எதிர் மெக்கட்சன் வழக்கை நினைத்துப் பாருங்கள். கார் விபத்தில் சிக்கிய ஊழியருக்குத் திட்டம் 66,866 டாலர் செலவு செய்தது. அவருக்கு 1,10,000 டாலர் இழப்பீடு கிடைத்தது. அதில் வழக்கறிஞர்கள் 40 சதவீதம் எடுத்துக்கொண்டார்கள். இழப்பீடு கிடைத்தால் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்ற திட்ட விதியைக் காட்டி, நிறுவனம் தன் முழுத் தொகையையும் கேட்டது. திட்டத்தில் எழுதியிருப்பதே செல்லும் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் வழக்கறிஞர் கட்டணத்தை யார் ஏற்பது என்பது பற்றித் திட்டம் பேசவே இல்லை. அந்த மௌனத்தால் அந்த விஷயத்தில், பயன்பெறுபவரும் வழக்கறிஞர் செலவில் பங்கேற்க வேண்டும் என்ற பொதுவான நியாயக் கோட்பாடு உள்ளே வந்தது. எழுதாமல் விட்ட ஒரு வரிக்காக உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

ஏரிக்கரை

மிச்சிகனிலிருந்து எழுதுகிறேன். ஸ்டாப்லாஸைப் பற்றி எல்லோரும் பேசுகிறீர்கள். நிர்வாகியோடு செய்துகொள்ளும் சேவை ஒப்பந்தத்தை மறக்க வேண்டாம். எங்கள் பக்கத்தில் நடந்த ஒரு வழக்கு இதற்குப் பாடமாக இருக்கும்.

ஹை-லெக்ஸ் என்பது வாகன உதிரிபாக நிறுவனம், ஏறத்தாழ 1,300 ஊழியர்கள். அதன் சொந்தநிதித் திட்டத்தை மிச்சிகன் புளூ கிராஸ் புளூ ஷீல்டு நிர்வகித்தது. 1994 முதல், மருத்துவமனை பில்களின் மேல் தனக்கான கட்டணங்களைச் சேர்த்து, எல்லாம் மருத்துவமனைச் செலவு போலவே கணக்குக் காட்டியது. ஒப்பந்தத்தில் இதற்கு ஆதாரமாக அவர்கள் காட்டிய வரி என்ன தெரியுமா? வலையமைப்புக் கட்டணம், எதிர்பாராச் செலவு ஒதுக்கீடு, மாநில ஆணையர் விதிக்கும் மேல்கட்டணங்கள் ஆகியவை "மருத்துவமனைச் செலவில் பிரதிபலிக்கும்" என்ற பொருள்படும் ஒரு வாக்கியம். எவ்வளவு, எந்தக் கணக்கில், யார் தீர்மானிப்பது என்று எதுவும் இல்லை. மிகைப்படுத்தல் 22 சதவீதம் வரை போனது. நிறுவனத்துக்கு விஷயம் தெரிந்தது 2011இல்தான். பதினேழு ஆண்டுகள்!

ஆறாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014இல் ஹை-லெக்ஸுக்குச் சாதகமான தீர்ப்பை உறுதி செய்தது. திட்டத்தின் பணத்தை எடுத்துத் தன் கட்டணத்தைத் தானே தீர்மானித்ததால், நிர்வாகி வெறும் சேவையாளர் அல்ல, திட்டத்தின் நலனுக்காகவே நடக்கக் கடமைப்பட்ட நம்பகப் பொறுப்பாளர் என்றது. 51 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு, வட்டி தனி. வைகைக்கரை அம்மா, அந்த நீதிமன்றம் உங்கள் ஒஹாயோவின் சின்சினாட்டியில்தான் இருக்கிறது. அதன் தீர்ப்பு உங்கள் மாநிலத்தையும் கட்டுப்படுத்தும்.

ஆகவே உங்கள் டிபிஏ ஒப்பந்தத்தில் "செலவில் அடங்கும்", "பிரதிபலிக்கும்", "அவ்வப்போது நிர்ணயிக்கப்படும்" போன்ற சொற்கள் வரும் இடங்களில் எல்லாம் அடிக்கோடு இடுங்கள். தவறாகக் கொடுத்த பணத்தை மீட்டுத் தருவதற்கு மீட்ட தொகையில் ஒரு சதவீதத்தை எடுத்துக்கொள்ளும் பிரிவு இருந்தால், அதன் மேல் இரண்டு கோடு போடுங்கள். தவறு செய்தவரே அதைத் திருத்தக் கூலி பெறும் ஏற்பாடு அது. பில் தரவு உங்களுடையது என்பதையும் எழுதி வாங்குங்கள். விலை, தரவு பற்றி வாய்ப்பூட்டுப் போடும் பிரிவுகளை 2021 ஒருங்கிணைந்த நிதி ஒதுக்கீட்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. அப்படி எதுவும் ஒப்பந்தத்தில் இல்லை என்று ஆண்டுதோறும் டிசம்பர் 31க்குள் உறுதிமொழி தர வேண்டியது நீங்கள்.

கல்தச்சன்

டிபிஏ ஒன்றில் கிளெய்ம் பரிசீலனை செய்கிறேன். புதுப்பிப்பு ஜனவரி 1 என்று எழுதியிருக்கிறீர்கள். உடனே பார்க்க வேண்டியது ஒப்பந்தத்தின் அடிப்படை: 12/12 ஆ, 12/15 ஆ?

முதல் எண், சிகிச்சை நடந்த காலம். இரண்டாவது எண், அதற்குப் பணம் கொடுக்கப்பட வேண்டிய காலம். 12/12 என்றால் இரண்டுமே அதே பன்னிரண்டு மாதங்களுக்குள் நடக்க வேண்டும். நவம்பர் 28 அன்று இதய அறுவைச் சிகிச்சை, பில் ஜனவரி 20 அன்று வருகிறது என்றால், இந்த ஆண்டுப் பாலிசியில் அது இல்லை. அடுத்த ஆண்டுப் பாலிசியும் 12/12 என்றால், சிகிச்சை பழைய ஆண்டில் நடந்தது என்று அங்கும் இல்லை. இரண்டு படகுக்கும் நடுவே தண்ணீரில் விழுந்த கதைதான். 12/15 என்றால் பணம் கொடுக்க மூன்று மாதம் கூடுதல். பிரீமியம் கொஞ்சம் ஏறும், ஏறட்டும்.

2024 பிப்ரவரியில், மருத்துவ பில்களைக் கைமாற்றும் சேஞ்ச் ஹெல்த்கேர் நிறுவனத்தின் மீது இணையத் தாக்குதல் நடந்தபோது, நாடு முழுவதும் பில்கள் வாரக்கணக்கில் நகராமல் நின்றன. தாமதத்துக்கு நீங்களோ மருத்துவமனையோ காரணமாக இருக்க வேண்டியதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

"பணம் கொடுக்கப்பட்டது" என்பதற்கான வரையறையையும் படியுங்கள். சில பாலிசிகளில் காசோலை எழுதினால் போதாது. வங்கியில் பணம் இருந்து, காசோலை அனுப்பப்பட்டிருக்க வேண்டும். டிசம்பர் 30 அன்று 3,00,000 டாலர் பில்லுக்குக் காசோலை அச்சிட்டுவிட்டு, கணக்கில் பணம் வரும்வரை அதை மேசை இழுப்பறையில் வைத்திருந்த ஒரு நிறுவனத்தை எனக்குத் தெரியும். அந்தக் காசோலை ஜனவரியில்தான் போனது. திருப்பித் தர மறுத்துவிட்டார்கள். கையில் ரொக்கம் குறைவாக இருக்கும் நிறுவனங்கள் முன்பண வசதிப் பிரிவைக் கேட்டு வாங்க வேண்டும். வரம்பைத் தாண்டிய தொகையை ஸ்டாப்லாஸ் நிறுவனம் முதலில் அனுப்பும், பிறகு மருத்துவமனைக்குப் போகும்.

எல்லா ஊழியர்களின் செலவையும் சேர்த்துப் பார்க்கும் மொத்த வரம்பைப் பற்றியும் ஒரு சொல். எதிர்பார்க்கும் மொத்தச் செலவில் 125 சதவீதத்துக்கு மேல் போனால் தருகிறோம் என்பார்கள். ஆட்கள் குறைந்தால் அந்த வரம்பும் குறையும் என்று நினைப்பீர்கள். குறைந்தபட்ச வரம்பு என்று இன்னொரு வரி இருக்கும். அதற்குக் கீழே இறங்காது.

நீலக்குறிஞ்சி

நான் நிதித் துறையோ காப்பீட்டுத் துறையோ அல்ல. ஓர் ஊழியன், ஒரு தகப்பன். என் மகனுக்கு ஹீமோஃபீலியா. வாரந்தோறும் மருந்து. இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் நிறுவனத்தின் திட்டம் புதுப்பிக்கப்பட்டபோது, ஸ்டாப்லாஸ் நிறுவனம் ஒரே ஒருவருக்கு மட்டும் வரம்பை 5,00,000 டாலராக உயர்த்தியது. மற்ற எல்லோருக்கும் 60,000. இதற்கு லேசர் என்று பெயராம். ஆவணத்தில் பெயர் இல்லை, ஓர் எண்தான் இருந்தது. ஆனால் 90 பேர் வேலை செய்யும் இடத்தில் அந்த எண் யார் என்று யாருக்குத் தெரியாது?

யாரும் என்னிடம் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆண்டு ஊதிய உயர்வு இல்லை என்று அறிவித்த கூட்டத்தில் நான் தலை நிமிரவில்லை. ஒப்பந்தம் எழுதுபவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: ஒரு குழந்தையைத் தனியாகக் குறிவைப்பது சட்டப்படி சரியா?

ஓலைச்சுவடி

நீலக்குறிஞ்சி தம்பி, நேராகவே பதில் சொல்கிறேன். 1996ஆம் ஆண்டின் ஹிப்பா சட்டப்படி, உடல்நிலையைக் காரணம் காட்டித் திட்டம் எந்த உறுப்பினரையும் வேறுபடுத்தக் கூடாது. உங்கள் மகனின் சிகிச்சை குறையவும் கூடாது, உங்கள் பங்குத் தொகை மற்றவர்களைவிடக் கூடவும் கூடாது. ஆனால் ஸ்டாப்லாஸ் மருத்துவத் திட்டம் அல்ல என்பதால் அந்தத் தடை அதற்குப் பொருந்துவதில்லை. நிறுவனத்தோடு அது செய்யும் வியாபாரத்தில் லேசர் வைக்கலாம். அதனால் உயரும் 4,40,000 டாலர் ஆபத்து முழுவதும் நிறுவனத்துக்கு. இது சட்டத்தில் உள்ள ஓட்டை என்றே நான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். இத்தகைய லேசர்களுக்கு நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்த எண்களுக்குப் பின்னால் இருந்தவர்களை உங்கள் பதிவைப் படித்த பிறகு நினைத்துப் பார்க்கிறேன்.

2010ஆம் ஆண்டின் சுகாதாரச் சீர்திருத்தச் சட்டத்துக்குப் பிறகு, அடிப்படை மருத்துவப் பயன்களுக்கு ஆயுள் வரம்பும் ஆண்டு வரம்பும் வைக்க முடியாது. இது சொந்தநிதித் திட்டங்களையும் கட்டுப்படுத்தும். மக்களுக்கு மிகவும் தேவையான சட்டம். ஆனால் வாக்குக்கு மேல்வரம்பு இல்லாதபோது அதைத் தாங்கும் காப்பீட்டில் மட்டும் விதிவிலக்குகள் இருந்தால் நடுவில் அகப்படுவது நிறுவனம். 2019இல் வந்த ஸோல்ஜென்ஸ்மா மரபணு மருந்தின் பட்டியல் விலை 21 லட்சம் டாலருக்கு மேல். 2022இல் ஹீமோஃபீலியா பி நோய்க்கு வந்த ஹெம்ஜெனிக்ஸ் 35 லட்சம். இவற்றில் ஒன்று 180 பேர் திட்டத்தில் வந்தால் என்ன ஆகும் என்பதை ஒப்பந்தம்தான் தீர்மானிக்கும்.

ஆகவே புதுப்பிப்பில் கேட்க வேண்டியது: புதிய லேசர் வைக்கமாட்டோம், பிரீமியம் இத்தனை சதவீதத்துக்கு மேல் ஏறாது என்ற உறுதி. விலை சற்றுக் கூடும். என் கணிப்பில், 200 பேருக்குக் கீழே உள்ள எந்த நிறுவனமும் அது இல்லாமல் சொந்தநிதிக்கு வரக் கூடாது. அதோடு, திட்ட ஆவணத்தின் வரையறைகளையே பாலிசியும் பின்பற்றும் என்ற இணைப்பையும் கேளுங்கள். "பரிசோதனை நிலைச் சிகிச்சை" என்பதற்குத் திட்டத்தில் ஒரு வரையறை, பாலிசியில் வேறு வரையறை இருந்தால், டிபிஏ கொடுக்கச் சொல்லும், ஸ்டாப்லாஸ் மறுக்கும்.

வேப்பமரம்

தம்பியின் பதிவைப் படித்த பிறகு என் முதல் பதிவை மறுபடியும் பார்த்தேன். "ஒரு புற்றுநோய், ஒரு குழந்தை" என்று செலவுக் கணக்காக எழுதியிருக்கிறேன். அப்படி எழுதியதற்கு மன்னிக்க வேண்டும். சிறு நிறுவனங்கள் இதற்கு வரக் கூடாது என்ற கருத்தில் மாற்றம் இல்லை. ஆனால் காரணம் லாப நட்டம் மட்டும் அல்ல என்று இப்போது சொல்வேன். ஆட்கள் குறைவான இடத்தில் நோயாளியை மறைக்க இடம் இல்லை.

வைகைக்கரை

எல்லோருக்கும் நன்றி. ஓலைச்சுவடி ஐயா சொன்னபடி திருத்தங்களைத் தேடினேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் கையெழுத்தான ஒரு பக்கத் திருத்தம் அகப்பட்டது. "சட்டப்படியான விடுப்பு முடிந்த பின், நிறுவனம் எழுத்தில் அனுமதிக்கும் மருத்துவ விடுப்பில் இருப்பவருக்கு மூன்று மாதம் வரை தகுதி தொடரும்" என்று இருக்கிறது. எனக்கு முன் இருந்தவர் செய்தது. டிபிஏ கோப்பில் இருக்கிறது. ஆனால் மறுப்புக் கடிதத்தில் இதைப் பற்றிப் பேச்சே இல்லை.

ஓலைச்சுவடி

அருமை. ஆனால் உடனே கொண்டாட வேண்டாம். திட்டத்தில் செய்யும் மாற்றத்தை எழுத்தில் தெரிவித்து ஒப்புதல் பெற்றால்தான் அது தங்களைக் கட்டுப்படுத்தும் என்று ஸ்டாப்லாஸ் பாலிசியில் இருக்கும். அந்தத் திருத்தம் அவர்களிடம் போனதற்கு மின்னஞ்சலோ, புதுப்பிப்பு விண்ணப்ப இணைப்போ, ஏதாவது ஒரு சான்று வேண்டும். தரகரிடம் கேளுங்கள். முதலாளி விடுப்பை எழுத்தில் அனுமதித்தாரா என்றும் பாருங்கள். வாய்ச்சொல் போதாது.

கல்தச்சன்

மறுப்பை எதிர்க்கும் காலக்கெடு பாலிசியிலேயே இருக்கும். தொலைபேசியில் பேசிப் பேசி அதைத் தவறவிட்டவர்கள் உண்டு. முதலில் ஒரு பக்கக் கடிதமாவது அனுப்பிவிடுங்கள், சான்றுகள் பின்னால் போகட்டும்.

வைகைக்கரை

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். முடிவைச் சொல்லாமல் விடுவது முறை அல்ல.

தரகரின் பழைய அஞ்சலில், அந்தத் திருத்தம் சென்ற ஆண்டுப் புதுப்பிப்பு ஆவணங்களோடு ஸ்டாப்லாஸ் நிறுவனத்துக்குப் போனதும், "பெற்றோம், பிரீமியத்தில் மாற்றம் இல்லை" என்று அவர்கள் பதில் அனுப்பியதும் கிடைத்தன. முதலாளி மே மாதம் எனக்கு அனுப்பிய இரண்டு வரி மின்னஞ்சலை எழுத்துமூல அனுமதியாக ஏற்றுக்கொண்டார்கள். ஆகஸ்ட் நடுவரை ஆன 1,71,000 டாலரைத் திருப்பித் தந்துவிட்டார்கள். அதற்குப் பிந்தைய 81,000 டாலர் எங்கள் செலவு. அந்த இரண்டு மாதங்களுக்கு எந்தக் காகிதத்திலும் இடம் இல்லை.

புதிய ஒப்பந்தம் 12/15. புதிய லேசர் இல்லை என்ற உறுதியும், பிரீமியம் உயர்வுக்கு வரம்பும் வாங்கிவிட்டோம். முன்பண வசதியும் உண்டு. பிரீமியம் கூடியது, முதலாளி மறுபேச்சுப் பேசவில்லை. திட்ட ஆவணத்தில் மூன்று மாதம் என்பதை ஆறு மாதமாக்கி, ஸ்டாப்லாஸ் நிறுவனத்தின் கையெழுத்தோடு ஒப்புதல் பெற்றோம். விடுப்பு முடியும் தேதிக்கு முப்பது நாள் முன்பாகவே என் மேசைக்கு அறிவிப்பு வர வேண்டும் என்று டிபிஏ ஒப்பந்தத்தில் சேர்த்திருக்கிறோம்.

நீலக்குறிஞ்சி தம்பிக்காக இன்னொன்று. ஸ்டாப்லாஸ் அறிக்கைகள் இனி என்னைத் தவிர எங்கள் நிறுவனத்தில் வேறு யாருக்கும் போகாது. முதலாளியும் தொகையை மட்டுமே பார்ப்பார், எண்ணைப் பார்க்கமாட்டார். அதையும் எழுத்தில் போட்டுவிட்டோம். இந்த 81,000 டாலரைப் பற்றி அந்த ஊழியருக்கு யாரும் சொல்லவில்லை. நேற்று அவர் அலுவலகத்துக்குக் கேசரி செய்து கொண்டுவந்திருந்தார்.